என் கட்டி ஏழு சென்டிமீட்டர் இல்லை

அன்பு மகள் பெர்மெத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே சூசமீர் மலை மேய்ச்சலில் நானும் அப்பாவும் பதினோரு பால் குதிரைகளும் சுகமாகவே இருக்கிறோம், மாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். உன் மாமியார் சைரகுலைப் பற்றி நான் தனியாக விசாரிக்கத் தேவையில்லை, நீ பக்கத்திலேயே இருக்கும்போது அவளுக்கு என்ன குறை. பக்கத்துக் கூடாரத்து ரகத் புதன்கிழமை மாஸ்கோவுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். மேட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கிறதுதான், ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நான் இருமினால்கூட சைரகுலுக்குக் கேட்கிறது. இது உனக்கு மட்டும்.

இடது விலாவுக்குக் கீழே வலி என்று மே மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா. ரகத்தின் அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஈரத் தரையில உட்கார்ந்திருப்பே, சிறுநீரகத்துல குளிர் ஏறிடுச்சு" என்று நாய் முடியில் நெய்த பட்டையை இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டாள். அப்பா ஒரு ஆட்டை அறுத்து, சூடு ஆறாத தோலை என்மேல் சுற்றினார், கறியையும் அவரே உட்கார்ந்து தின்றுவிட்டு, "உன் வலி போச்சோ இல்லையோ, என் பசி போச்சு" என்றார். ஜூலையில் மூச்சை இழுத்தாலே குத்தியது. சரி என்று ஊருக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தேன். இடது சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, இரண்டு சென்டிமீட்டர் என்றார்கள். எழுதவே வெட்கமாக இருக்கிறது பெர்மெத், அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. போன குளிர்காலத்தில் சைரகுலுக்கு ஆறு சென்டிமீட்டர் கட்டியில் ஊசி விட்டு நீரை எடுத்தார்களே, அப்போது நீ ஒரு மாதம் லீவு போட்டு அவளுக்கு ஆட்டு எலும்பு சூப் வைத்து ஊட்டி, அந்தப் படத்தை எனக்கும் அனுப்பினாய். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் தோளில் போர்த்தியிருந்தது நான் உனக்கு அனுப்பிய சால்வை. எனக்கு வயிறு எரிந்தது, எரியவில்லை என்று சொன்னால் பொய்.

டாக்டரம்மா உன் வயதுப் பெண். "இந்த மாதிரி சின்னக் கட்டி உங்க வயசுல நிறைய பேருக்கு இருக்கும்மா, அது பாட்டுக்கு இருக்கும், வலிக்காது. உங்க வலிக்கு வேற காரணம் இருக்கு, தேடுவோம்" என்றாள். என் கட்டியை அவள் அப்படி அலட்சியமாகப் பேசியது எனக்குப் பிடிக்கவே இல்லை. சிறுநீரைச் சோதித்தாள், கல்லும் இல்லை சீழும் இல்லை. கடைசி விலாவின் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினாள், நான் போட்ட கூச்சலில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள், குதிரைப் பால் கறக்கிறேன் என்றேன், செய்து காட்டச் சொன்னாள். அங்கேயே ஒரு முழங்காலை ஊன்றி, மறு தொடையில் குப்பைக்கூடையை வாளி மாதிரி வைத்து, மேசைக் காலைக் குதிரைக் காலாக நினைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவளும் மலைக்காரி போலிருக்கிறது, "அது சரி, குட்டியை யாரும்மா பிடிச்சுக்கறாங்க?" என்று கேட்டாளே பார். குட்டி முதலில் கொஞ்சம் குடித்து, பிறகு தாய்க்குப் பக்கத்திலேயே நின்றால்தான் குதிரை பாலை விடும் என்பது உனக்குத் தெரியாததா, பன்னிரண்டு வருஷம் நீதானே பிடித்தாய். நீ போனபிறகு அப்பாவும் விடிந்ததும் ஆடுகளோடு போய்விடுவார். அதனால் குட்டியின் கயிற்றை என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு கறந்தேன். அது தாயிடம் போகத் துள்ளித் துள்ளி இழுக்கும், ஒரு நாளைக்கு ஐந்து முறை, பதினோரு குட்டிகள். டாக்டரம்மா நாய் முடிப் பட்டையை அவிழ்த்தாள், அடியில் கயிறு பதிந்து கன்றிப் போயிருந்தது. "இதோ இருக்கு உங்க வலி, தசை பிய்ஞ்சிருக்கு. கயிறை விட்டீங்கன்னா ஆறு வாரத்துல சரியாயிடும், கட்டியை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும்" என்றாள். கட்டியும் கொஞ்சமாவது காரணமாக இருக்காதா என்று நான் கெஞ்சினேன். "பாவம்மா, அது ஒண்ணும் பண்ணலை, விட்டுடுங்க" என்று சிரித்தாள்.

வெளியே வந்து இதை இப்படியே சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்ததும், "ஒரு நிமிஷம்மா, அவங்களுக்கு மாத்திரை நேரம்" என்று போனை அணைக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போனாய். அங்கிருந்து உன் குரல் கேட்டது, இங்க வலிக்குதா, இல்ல இங்கயா என்று. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு பொறுமையாக. சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது நான் பேசிய குரல் அது. அதைச் சைரகுலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். திரும்பி வந்து டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாய், கட்டிதான், ஏழு சென்டிமீட்டர் என்று சொல்லிவிட்டேன். அவளுடையதைவிட ஒன்று அதிகம். நீ அழுதாய். நான் காதில் போனை அழுத்தி வைத்துக்கொண்டு அந்த அழுகையைக் கேட்டேன், இனிப்பாக இருந்தது, கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

மறுநாள் நீ லீவு எழுதிக் கொடுத்ததாகச் சொன்னாய், திரும்பி வரும்வரை உன் இடத்தை வைத்திருக்க முடியாது என்று மேலதிகாரி சொன்னதையும் சொன்னாய். அப்போதே உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் சைரகுல் போனை வாங்கி, "சம்பந்தி, இங்க வந்துடுங்க, என் டாக்டர்கிட்டயே காட்டலாம், என் படுக்கையில நீங்க படுத்துக்குங்க" என்று விம்மினாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். இத்தனைக்கும் எனக்கு இன்னும் அவள்மேல் பொறாமை போகவில்லை, போய்விட்டது என்று எழுதினால் அது இரண்டாவது பொய்.

இப்போது கறக்கும் நேரத்துக்கு அப்பா வந்து குட்டியைப் பிடிக்கிறார், கூடவே பாட்டு வேறு பாடுகிறார், குதிரைகள் பயந்து பாலை அடக்கிக்கொள்கின்றன. வலி பாதி குறைந்துவிட்டது. நீயும் பேத்தியை எப்போதும் ஒரே இடுப்பில் தூக்கி வைக்காதே, மாற்றி மாற்றி வை, குளிருக்கு முன்னால் அவளுக்குப் பூட்ஸ் வாங்கிவிடு, மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

இரண்டு கைகளையும் விரித்து உனக்காக வேண்டிக்கொண்டு முகத்தில் தடவிக்கொள்கிறேன், நீ போகும் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உன் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வேலை போய்விடும் என்றால் வராதே, நான் அழமாட்டேன். போகாது என்றால், எனக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்துகொண்டு வா.

உன்னைப் பெற்ற அம்மா,
அனார்கான்