தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான், உன் கடிதம் வந்த பிறகு அப்படி ஒரு வரி எழுதக் கை வரவில்லை. உன் நலத்தை நான் தனியாக விசாரிக்கவும் வேண்டியதில்லை, பக்கம் பக்கமாக நீயே எழுதியிருக்கிறாய். போனில் பேசினால் நான் உன்னை வாயைத் திறக்க விடமாட்டேன், அதனால் கடிதம் எழுது என்று உன் மனநல ஆலோசகர் சொன்னாராம். நல்ல யோசனை. கடிதத்தில் நீயும் என்னைக் குறுக்கே பேசி நிறுத்த முடியாது பார்.

கடை வழக்கம்போல ஓடுகிறது, பழைய சோபாவைத் தூக்கிப்போட மனசில்லாத ஜனங்கள் இருக்கிறவரைக்கும் நமக்கு வேலை இருக்கும். அக்காதான் தையல் மிஷினில் உட்கார்ந்து உறை தைக்கிறாள், மழையோ வெயிலோ கதவை அகலத் திறந்து போட்டுக்கொண்டுதான் உட்காருவாள், தெருத்தூசி எல்லாம் துணியில் படியுதேடி என்றால் தட்டிக்கிறேம்மா என்பாள். அப்பாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறது என்று போன தடவையே எழுதினேன், அதற்கு நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே சுத்தியல் எங்கே என்று கடை முழுக்கத் தேடுகிறார். அந்த மனுஷன் பெயருக்குத்தான் நீ அந்தக் கடிதத்தை அனுப்பினாய். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுத்துக்கூட்டி முழுசும் படித்தார். சின்ன வயதில் அப்பா உன்னைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினாராம், இருட்டில் பசை நாற்றத்தில் கிடந்தாயாம், கதவில் ஒரு பெரிய கறுப்பு உருவம் வந்து நின்றதாம், இன்றைக்கும் கனவில் வருகிறதாம், ஆழ்மனதில் உட்கார்ந்திருக்கிற அந்த உருவம் அப்பாதானாம், அவர் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால்தான் உனக்குள் இருக்கிற குழந்தைக்கு விடுதலையாம், நீ யார் என்பதும் அப்போதுதான் உனக்குப் புரியுமாம். படித்து முடித்துவிட்டு அப்பா என்ன சொன்னார் தெரியுமா? நான்தான் பண்ணியிருப்பேன் போல, எனக்குத்தான் எதுவும் நினைப்பில்லையே, அவ படிச்சவ, தப்பா எழுதுவாளா என்றார். சொல்லிவிட்டு விசித்து விசித்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, அது எப்போது என்று சொல்கிறேன்.

நீ கூடவே ஒரு படம் வரைந்து வைத்திருந்தாய் அல்லவா, கண்ணை மூடிக்கொண்டு மனசில் தெரிவதை வரையச் சொன்னார்கள் என்று. நன்றாகவே வரைந்திருக்கிறாய். மூடின கதவு, உச்சியில் தாழ்ப்பாள், அது முழுக்க இழுத்துப் போட்டிருக்கிறது, கீழே அப்பா ஆணி அடிக்க ஏறி நிற்கிற முக்காலி. அடி என் புத்திசாலி, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். உள்ளே கிடந்தவள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? முக்காலி எப்படித் தெரியும்? உன் ஆலோசகர் பார்க்கவில்லை, அவருக்கு நம் கதவு தெரியாது. நீயுமா பார்க்கவில்லை? உள்ளே கிடந்தது அக்கா. புதுசாக உறை போட்ட நாற்காலியில் உன்னை உட்கார விடவில்லை என்ற கோபத்தில், அவள் துணி எடுக்க உள்ளே போனதும் நீ முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைப் போட்டாய். போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு டிவி பார்க்கப் போய்விட்டாய். நானும் அப்பாவும் ஒரு வீட்டில் சோபாவை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்து அக்கா எங்கேடி என்று கேட்டதற்கு, அவ பிரெண்டு வீட்டுக்குப் போயிருக்கா என்றாய். நாங்கள் அங்கே ஓடித் தேடிவிட்டு வந்தபோது இருட்டிவிட்டது. அப்பாதான் ஏதோ பிறாண்டுகிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். உன் கறுப்பு உருவம் அவர்தான், சந்தேகமே இல்லை, திறந்துவிட வந்து நின்றவர். அவளைத் தூக்கிக்கொண்டு அன்றைக்குத்தான் அப்படி அழுதார். இருட்டில் டின்னைத் தட்டிவிட்டுத் தலையெல்லாம் பசை, முடியை ஒட்ட வெட்ட வேண்டியதாயிற்று. கட்டைவிரல் நகம் பிய்ந்துபோய், இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது. நான்தான் போட்டேன், சும்மா விளையாட்டுக்கு என்று நீயே சொன்னாய். சின்னப்பிள்ளை என்று அதோடு விட்டுவிட்டோம். அப்புறம் எத்தனையோ ராத்திரி தூக்கம் வராமல் உன்னைக் கட்டிக்கொண்டு, இருட்டா இருந்துச்சுடி, மூச்சு முட்டுச்சுடி, யாரோ கதவுல வந்து நின்னாங்கடி என்று அவள் புலம்புவாள், நீ உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாய். அவள் பாவாடை சட்டையை எல்லாம் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டவள்தானே நீ, இதையும் எடுத்துப் போட்டுக்கொண்டாய். உனக்கு ஒரு பெரிய துக்கம் வேண்டியிருந்தது, சொந்தமாக இல்லை. இதற்கு ஆழ்மனம் என்று பெயர் வைத்தால் வைத்துக்கொள், நான் திருட்டு என்பேன்.

இதை எழுதப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். வேண்டாம்மா, அவதான் உள்ள இருந்தான்னே எழுதிடு, அவளுக்கு அது தேவைப்படுது போல, எனக்கு என்ன குறைஞ்சிடப்போகுது என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் அவளுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்கிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே. நீ அங்கே அழுவாய், அவள் இங்கே உனக்கு ஆறுதல் சொல்வாள், சொல்லி முடித்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு படுப்பாள்.

அப்பா விஷயம்தான் என் வயிற்றில் நெருப்பாக இருக்கிறது. நீங்க பூட்டலைங்க, நீங்கதான் திறந்தீங்க என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்துவிட்டேன், நீ சமாதானத்துக்குச் சொல்ற என்று தலையைத் திருப்பிக்கொள்கிறார். எல்லாவற்றையும் மறக்கிறவருக்கு இது ஒன்று மட்டும் மறக்கவில்லை. இப்போது உன்னையும் அக்காவையும் வேறு குழப்பிக்கொள்கிறார். அக்கா காபி கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னை இருட்டுல போட்டுப் பூட்டிட்டேனே, அப்பாவை மன்னிச்சிடும்மா என்கிறார். அவளும் அந்தக் கோணல் நகத்தை அவர் பார்க்காதபடி மடக்கிக்கொண்டு, பரவாயில்லப்பா, வலிக்கவே இல்ல, விடுங்க என்கிறாள். தினமும் இது நடக்கிறது. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நல்லபடியாக இரு. பெற்றவள் வாய், திட்டினாலும் உனக்கு வாழ்த்துதான். கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணி, பூட்டினது நான்தான்ப்பா என்று உன் வாயால் சொல்லு, நீ சொன்னால்தான் நம்புவார். நீ யார் என்று நீ நிதானமாகத் தேடிக்கொள், உன்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அதற்குள் அப்பாவுக்கு நீ யார் என்பது மறந்துவிடும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா