ஜெர்மன் ஷீட், நம்பர் த்ரீ

மச்சான்,

நான் அன்றைக்கே சொன்னேன். இந்தக் காகிதம் கடல் தாண்டிப் போகும், போன இடத்தில் பேர் வாங்கும், ஒருநாள் நம்ம தோட்டத்து லயத்து வாசலுக்கே திரும்பி வரும் என்று ஒன்று விடாமல் சொன்னது யார்? நான்தான். நீ சிரித்தாய். இன்றைக்கு வந்துவிட்டது பார். சிரிக்கத்தான் நீ இல்லை.

காலையில் தபால்காரர் பார்சலைக் கொண்டுவந்தார். ஜெர்மனியிலிருந்து உன் பேருக்கு வந்தது. நீ செத்துப்போன சேதி அவர்களுக்குத் தெரியாது. என் தங்கச்சி, உன் பொண்டாட்டி, அதைத் தொடவே தயங்கினாள். உன் மகள்தான் கத்தரிக்கோலால் வெட்டினாள். அட்டையைத் திறந்ததும் குப்பென்று ரப்பர் புகை வாசனை. உன் சட்டையில், உன் தலைமுடியில், நீ குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பையில்கூட இருந்த அதே வாசனை. தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அழவில்லை. என் கண்ணுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது, உனக்குத் தெரியும்.

உள்ளே மெல்லிய தாளில் சுற்றிய ஒரு பழைய காகிதம், பழுப்பேறி, ஓரம் சுருண்டு, கீழே கழுகு முத்திரையோடு. கூடவே ஒரு சின்னப் புத்தகம். நம்ம ஜெர்மன் ஐயாவும் போய்ச் சேர்ந்துவிட்டாராம் மச்சான். அவர் மகள் அனுப்பியிருக்கிறாள்.

கித்துல்கல ஆற்றோர பங்களாவில் நான் சமையல் பார்த்த காலம் அது. வருசா வருசம் குளிருக்குத் தப்பி வருகிற ஐயா, அந்த முறை ஒரு தோல்பை நிறைய அவருடைய அப்பாவின் காகிதங்களைக் கொண்டுவந்திருந்தார். அப்பா ஜெர்மன் கடற்படையில் பெரிய அதிகாரி. சேர்ந்த நாளின் கடிதம், ஒவ்வொரு பதவி உயர்வின் உத்தரவு, லீவுத் துண்டு, இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்த பட்டயம் என்று ஒரு மனுசனின் ஆயுசு முழுக்க அந்தப் பைக்குள் இருந்தது. அதை வைத்து அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தார். பேனாவைத் திறப்பார், ஆற்றைப் பார்ப்பார், மூடுவார்.

நீ ரப்பர் ஃபெக்டரி வேலை முடிந்து வந்து என் குசினிப் படியில் உட்காருவாய். ஒருநாள் கேட்டாய்.

"எதுக்கு மச்சான் ஐயாவோட அப்பாவுக்கு அந்தப் பதக்கம்?"

"மூணு கடலக் கட்டி ஆண்டவருடா அவரு."

"போன கெழம ரெண்டு கடல்னு சொன்ன."

"அதுக்கப்புறம் இன்னொன்னப் புடிச்சிட்டாரு."

நீ சிரித்த சிரிப்பில் ஐயாவே எட்டிப்பார்த்தார். ஆனால் அவர் என்னிடம் சொன்னது வேறு. அப்பா இரண்டாம் உலகப் போர் முடிந்து வீட்டுக்கு வந்தாராம். சாகும்வரை கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். "என் அப்பா தைரியசாலி, அதில் சந்தேகமில்லை. ஆனால் எப்படிப்பட்ட ஆட்களுக்காக அந்தத் தைரியம்? அதைத்தான் என்னால் எழுத முடியவில்லை" என்றார். எனக்கு அது அப்போது முழுசாக விளங்கவில்லை. விளங்கின மாதிரித் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் என்னை அடிக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

அப்புறம்தான் அந்த மழை. விடியும்போது களனி கங்கை பங்களாவுக்குள் வந்துவிட்டது. நான் அரிசி மூட்டையை மேட்டுக்கு ஏற்றினேன், கோழிகளை ஏற்றினேன், ஐயாவையும் ஏற்றினேன். தோல்பை கட்டிலுக்கு அடியில் கிடந்துவிட்டது. மார்பளவு தண்ணீரில் நீந்திப் போய் அதை எடுத்தேன். முழங்காலளவு என்று நீ எல்லாரிடமும் சொல்வாய். நீ உயரமான ஆள், உனக்கு அப்படித்தான் தெரியும்.

தண்ணீர் வடிந்தபிறகு நீ ஓடிவந்தாய். ஐயா விறாந்தையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காகிதமெல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. பழைய மை லேசாகக் கலங்கத் தொடங்கியிருந்தது. நான் அடுப்பு மூட்டப் போனேன். அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம். என்னால் முடிக்க முடியாததை ஆறு முடித்துவிட்டது. கொட்டிவிடுங்கள்."

நான் பையைக் கையில் வாங்கிவிட்டேன் மச்சான். சொன்னதைச் செய்கிற ஆள் நான், கொட்டியும் இருப்பேன். நீதான் குறுக்கே வந்து நின்றாய். ஒரு வெள்ளைக்காரருக்கு முன்னால் நீ குரலை உயர்த்தி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"கொட்டாதீங்க ஐயா. ஒங்கப்பா நல்லவரோ கெட்டவரோ, அது எனக்குத் தெரியாது. ஆனா இப்பிடி ஒருத்தர் இருந்தாருன்னு காட்ட ஒங்ககிட்ட பை நெறையா இருக்கு. எங்கப்பா இந்தத் தோட்டத்துலதான் பொறந்தாரு, இங்கதான் ரப்பர் பால் வெட்டுனாரு. பிரஜா உரிமை கேட்டா, பொறந்ததுக்குப் பேப்பர் எங்கன்னு கேட்டாங்க. காட்ட ஒரு துண்டு இல்ல. இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திட்டாங்க. போனவரு போனவருதான். போட்டோகூட கெடையாது. ஏசுறதுன்னாலும் பேப்பர வச்சிக்கிட்டு ஏசுங்க ஐயா."

ஐயா என்னைப் பார்த்தார். "இவர் என்ன சொல்கிறார்?" என் இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஒரு சொல் குறையாமல் சொன்னேன். அவர் எழுந்தார். பிறகு பையை என் கையிலிருந்து வாங்கி உன் கையில் கொடுத்தார். உன் அப்பா பேரைக் கேட்டார். நீ சொன்னாய். எழுதிக்கொண்டார்.

அடுப்பில் காட்டினால் வெந்துபோகும், வெயில் இன்னும் ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு, வராது. "ரப்பர் ஷீட்டு பொகையில எப்பிடிக் காயுதோ அப்பிடித்தான். வேற வழி தெரியல மச்சான்" என்றாய். புகையறைக்குள் ரப்பர் ஷீட் தவிர ஒரு துணிகூடத் தொங்கக் கூடாது என்று ஃபெக்டரி ஐயாவின் கட்டளை. பிடிபட்டால் உன் வேலை போயிருக்கும். தங்கச்சியின் பழைய சேலைகளைக் கிழித்து, ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு துணிக்கு நடுவில் வைத்து, நெருப்புக்குத் தூரமான மூலையில் மூங்கில் கம்பில் தொங்கவிட்டாய். ரப்பர் விறகு புகைந்தது. ஜெர்மன் கடற்படை முழுவதும் நம்ம ஷீட்டுகளோடு வரிசையாகத் தொங்கியது. உன்னால் தனியாக முடியாது என்றுதான் நான் காவல் இருந்தேன். புகை போதாது என்று பட்டதால் நீ தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் இரண்டு கட்டை கூடுதலாக வைத்தேன். இன்றைக்கு வந்த பட்டயத்தின் அந்தப் பழுப்பு நிறம் என் கைவண்ணம்தான்.

கடைசி நாள் ஃபெக்டரி ஐயா உள்ளே வந்தே விட்டார். கம்பைப் பார்த்து, "மொகத மே?" என்றார். என்ன இது என்று சிங்களத்தில் கேட்கிறார், நான் மெல்ல உன் முதுகுக்குப் பின்னால் போனேன். நீ அசையவில்லை.

"ஜெர்மன் ஷீட்டுங்க ஐயா. வெள்ளத்துல நனைஞ்சது."

அவர் இரும்புச் சிலுவைப் பட்டயத்தைக் கம்பிலிருந்து எடுத்தார். ஷீட்டைத் தரம் பார்க்கிற மாதிரியே இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "நம்பர் த்ரீ. புகை கூடிப்போச்சு" என்று தன் உடைந்த தமிழில் சொல்லி, உன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு கேள்வி வரவில்லை. கடற்படைத் தளபதி கொடுத்த தரத்தை நம்ம ஃபெக்டரி ஐயா மூன்றாம் தரமாகக் குறைத்துவிட்டார் என்று ஜெர்மன் ஐயாவிடம் நான் சொன்னபோது, அந்த மனுசன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலமே எழுதத் தொடங்கினார். அதன்பிறகு பேனாவை மூடவில்லை.

அதுதான் இந்தப் புத்தகம். அப்பாவின் வீரத்தையும் எழுதியிருக்கிறாராம், அந்த வீரம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற வெட்கத்தையும் எழுதியிருக்கிறாராம். காகிதங்களை அவர் ஊர் ஆவணக் காப்பகம் வாங்கிக்கொண்டதாம். இந்த ஒன்றை மட்டும் காப்பாற்றியவருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். எல்லாம் அவர் மகள் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்த கடிதத்திலிருந்து உன் மகள் வாசித்துச் சொன்னது. நீ படிக்கவைத்த பிள்ளை, கேகாலையில் டீச்சர். வாசிப்பில் ஒரு தடங்கல் இல்லை மச்சான், கேட்கவே பெருமையாக இருந்தது.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் மட்டும் நின்றாள். அந்தப் பக்கம் இரண்டு அப்பாக்களுக்குச் சமர்ப்பணம். ஒன்று அவர் அப்பா பேர். அடுத்தது உன் அப்பா பேர், எழுத்துப் பிசகில்லாமல்.

"மாமா, தாத்தா பால்வெட்டுக்காரருதானே? இதுல கப்பல் கேப்டன்னு போட்டிருக்கே?"

நான் கூரையைப் பார்த்தேன்.

ஒரு சொல்லும் குறைக்கவில்லை என்றேன் அல்லவா? குறைக்கவில்லை, மச்சான். கூட்டினேன். அவர் மடியில் அத்தனை பட்டயம் ஊறிக்கிடக்க, உன் அப்பனுக்கு ஒரு துண்டும் இல்லை என்று வெறுங்கையோடு சொல்ல என் வாய் வரவில்லை. கப்பலில் போனார் என்பதோடு நிறுத்தாமல், கப்பலை ஓட்டிக்கொண்டு போனார் என்று சொல்லிவிட்டேன்.

திருத்தச் சொல்லி ஜெர்மனிக்கு எழுதப்போவதாக உன் மகள் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள். எழுதட்டும். பால்வெட்டுக்காரர் என்றே போடட்டும். பேரில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். கேப்டன் பட்டம் நான் கொடுத்தது. பேர் நீ கொடுத்தது.