கப்பலை நிமிர்த்திக் காட்டும் கண்ணாடி

அன்புள்ள மாஸ் காஸ்னாவி,

நீங்கள் எந்தக் கப்பலில் இருந்தாலும் இறைவனின் அமைதி அங்கே உங்களோடு இருக்கட்டும்.

நானும் நம் மகள் வெனிங்கும் நலம். முன்பு எழுதிய இரண்டு கடிதங்களும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. நடுக்கடலில் உங்கள் கப்பலிலிருந்து கணவாய் மீனை ஏற்றிவரும் சரக்குப் படகில்தான் வழக்கம்போல் கொடுத்தனுப்பினேன். படகின் எஞ்சின்காரன் வர்தோயோ வாசலில் நின்றபடியே அவற்றை நீட்டி, "அண்ணனை வேற கப்பலுக்கு மாத்திட்டாங்க அண்ணி" என்றான். எந்தக் கப்பல் என்று கேட்டால் தலையைச் சொறிகிறான். காப்பிகூடக் குடிக்கவில்லை. ஓசிக் காப்பியை வேண்டாமென்ற வர்தோயோவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். முதலாளி அலுவலகத்தில் வீட்டுப் பணத்தையும் நிறுத்திவிட்டார்கள். "ராத்து மெலாத்தி கரைக்கு வரட்டும், மொத்தமா பேசிக்கலாம்" என்கிறார்கள். நீங்கள் ஏறிப்போன கப்பலைத்தான் சொல்கிறார்கள்; இப்போது மாற்றிய கப்பலின் பெயரைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்கள்.

தொலைநோக்கியைப் பற்றிச் சொல்கிறேன். திரும்பி வருவதற்குள் கையில் கிடைப்பதை வைத்து அதைக் கொஞ்சம் தேற்றி வை என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மூன்று முழம் குழாயும் கொசுக்கால் முக்காலியுமாக வாங்கிவந்த மகராசன் நீங்கள். தேற்ற வேண்டியவள் நான்! சீட்டுப் பணம் விழுந்ததும் முதலில் முட்டாள்தனம்தான் செய்தேன். இருப்பதிலேயே அதிகமாகப் பெரிதாக்கிக் காட்டும் வில்லையை ஆன்லைனில் வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் சனிக்கிரகம் கலங்கிய அரிசிக் கஞ்சியாய் ஆடுகிறது. "அம்மா, சனிக்குக் காய்ச்சலா?" என்று உங்கள் மகள் கேட்டாள்.

பிறை பார்க்கும் குழுவில் இருக்கிற மதரஸா ஆசிரியர் பாக் முதோபரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாய் சும்மா இருக்குமா? "கால் ஆடுற கட்டிலுக்குப் புது மெத்தை வாங்கியிருக்கியேம்மா! முதல்ல காலைச் சரி பண்ணு" என்றார். அதனால் படகுத் தச்சரிடம் சொல்லி, மிச்சத் தேக்கில் ஒரு தாங்கி செய்து வாங்கினேன். இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும், புயலடித்தாலும் அசையாது. கஞ்சி வில்லையை முதோபர் குழுவில் ஒருவரிடம் தள்ளிவிட்டு, குறைவாகப் பெரிதாக்குகிற, ஆனால் தெளிவான பழைய வில்லை ஒன்றை மாற்றிக்கொண்டேன். இப்போது சனியின் வளையம் தனியாகத் தெரிகிறது. பார்த்தபோது வெனிங் மூச்சுவிட மறந்து நின்றாள். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் கேட்ட பொருளைச் சொன்னதும் முதோபர் சிரித்துவிட்டார். இந்தக் குழாயில் எல்லாமே தலைகீழாகத் தெரியும், உங்களுக்குத் தெரியாததா? அதை நிமிர்த்திக் காட்டுகிற பட்டகக் கண்ணாடி வேண்டும் என்றேன். "நட்சத்திரத்துக்குத் தலை ஏது, கால் ஏது? இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது குடிச்சிடும். தண்டச் செலவு" என்றார். கப்பல் பார்க்க என்றேன். "பேரை வாசிக்கணும்னா தலைகீழா இருந்தாத்தான் என்ன? ரெண்டு நாள் பழகினா வந்துடும்" என்றார். பெயரை வாசித்துவிடலாம் ஐயா, முகத்தைத் தலைகீழாக அடையாளம் காண முடியாது என்றேன். அதன்பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை. உள்ளே போய்த் தன்னுடையதையே எடுத்துவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் காசு வாங்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பதிலுக்கு, நோன்புப் பிறை பார்க்கும் மாலையில் நம் குழாயைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சத்தியம் செய்துவைக்க நீதிபதி வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணால் கண்டவர் ஒருவர் முன்வந்து, கண்டேன் என்று சத்தியம் செய்தால்தானே அவர் ஏற்பார். ஒரே மேகம், ஒருவரும் எழவில்லை. மாதத்தை முப்பதாக நிறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்லம்மா, மேகத்துக்குப் பின்னால இருக்கத்தான் செய்யுது" என்றார் முதோபர். மனிதருக்கும் அப்படித்தானா ஐயா என்று கேட்டேன். அவர் வில்லையைத் துடைக்க ஆரம்பித்தார். அன்று முதல் நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன் மாஸ். உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கண்ணால் கண்ட எவனும் என் முன்னால் வந்து சொல்லவில்லை. சொல்லாதவரை இல்லை.

இன்று காலை மொட்டைமாடியில் வற்றல் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தபோது, வெளித்துறையில் ஒரு பச்சைக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. குழாயைத் திருப்பினேன். தாங்கி அசையவில்லை, படம் நிமிர்ந்து நின்றது. ராத்து மெலாத்தி. ஊர் திரும்புகிற கப்பலில் ஒலிபெருக்கி அலறும், பையன்கள் தளத்தில் ஆடுவார்கள். இதில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சமையல்காரன் இளைத்திருக்கிறான். கப்பல் தலைவர் தாடி வைத்திருக்கிறார். எல்லோரையும் தெரிந்தது மாஸ். நல்ல கண்ணாடி, ஒரு முகம்கூட மங்கவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். யாராவது குனிந்திருப்பார்கள், யாராவது கீழே தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்று கண் எரியும்வரை பார்த்தேன். தளத்தின் ஓரத்தில் உங்கள் நீலப் பை இருந்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

வெனிங் ஓடிவந்து நானும் பார்க்கிறேன் என்றாள். மேகம் என்று சொல்லி மூடியைப் போட்டுவிட்டேன். வானம் பளிச்சென்று இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் கீழே போய்விட்டாள்.

வேறு கப்பலுக்கு மாறியவர் பையை விட்டுவிட்டா போவார்? போயிருக்கலாம். அவசரத்தில் போயிருக்கலாம். உங்கள் மறதி எனக்குத் தெரியாதா?

கப்பல் நாளை மதியம்தான் கரையைத் தொடும். சரக்குப் படகு விடியற்காலையிலேயே கிளம்புகிறது. அதற்குமுன் இந்தக் கடிதத்தை வர்தோயோவிடம் கொடுக்கப்போகிறேன். எந்தக் கப்பலிலும் சேர்க்க வேண்டாம், அவர் இருக்கிற இடம் உனக்குத் தெரியும், அங்கே தண்ணீரில் போட்டுவிடு என்று சொல்லிக் கொடுப்பேன். அவன் என்னைத் திட்ட வேண்டும் மாஸ். "பைத்தியமா அண்ணி உங்களுக்கு, அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கார்" என்று ஊரே கேட்கக் கத்த வேண்டும். அதற்காக நீங்களும் அங்கிருந்து இறைவனிடம் துஆ கேளுங்கள். அவன் மட்டும் ஒன்றும் பேசாமல் இதை வாங்கிக்கொண்டுவிடக் கூடாது.

உங்கள்,
சுர்தினா