முதல் குழிக்கு முன்னால் ஒரு பள்ளம்

ஜோகுபாளையம், பெங்களூர்
செப்டம்பர் 1958

தேசிகனுக்கு,

வேண்டிய மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது. டில்லியில் நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கால்ஃப் மைதானத்தின் முதல் குழியை மாற்றி அமைப்பது பற்றி நீ கிளப் கேப்டன் ஆதிகேசவனுக்கு எழுதிய கடிதத்தை நேற்றுக் கமிட்டியில் படித்தார்கள். கிளப் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் டோரீன்தான் படித்தாள். பாவம், நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மேலே படித்தாள். முதல் குழி ஆட்டக்காரனின் தரத்தைச் சோதிக்க வேண்டும், பள்ளத்தைத் தாண்டி அடிக்க வைக்கும் யோசனை உயர்ந்த யோசனை என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். மைதானத்தைப் போட்டவரே சொல்லிவிட்டார் என்று எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆதிகேசவன் என் பக்கம் திரும்பி, "என்ன சார், உங்க ஃப்ரெண்டே ஓகே பண்ணிட்டாரு. இன்னும் உங்களுக்கு என்ன?" என்று கேட்டான். எனக்கு என்ன என்பதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மைதானத்தைப் போட்டவன் நீ மட்டும் இல்லை. வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன அந்த முள்காட்டில் வெயிலில் உன்னோடு சங்கிலி பிடித்து அளந்தவன் நான். வரைபடத்தில் பாதி என் கோடு. கிளப் வராந்தாச் சுவரில் பதித்த கல்லில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. கல் வெட்டுகிறவனுக்கு இடம் போதவில்லை என்று அன்றைக்குச் சொன்னாய். அந்தக் கல்லில் இன்னும் நாலு பெயர் எழுத இடம் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார். அதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனாலும் அதற்காக ஒரு தபால் தலையை வீணாக்குகிறவன் நான் இல்லை.

நல்ல முதல் குழி எது என்று நாம் இரண்டு பேரும் எத்தனை நாள் சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? எடுத்த எடுப்பில் கஷ்டமாக வைக்க வேண்டும் என்றவன் நான். அப்போது எனக்கு ரத்தம் சூடு. நீதான் என்னை உட்கார வைத்துச் சொன்னாய். கச்சேரிக்கு வந்தவன் வர்ணம் பாடித் தொண்டையைச் சரிப்படுத்திக்கொள்ளாமல் நேரே ராகம் தானம் பல்லவியில் குதித்தால் அவன் வித்வான் இல்லை, முரடன் என்றாய். படுக்கையிலிருந்து எழுந்து வந்தவனுக்கு உடம்பு இன்னும் மடங்கித்தான் கிடக்கும். அவனை முதல் அடியிலேயே அவமானப்படுத்தக் கூடாது என்றாய். நம் ஊரில் காலையில்தான் ஆடுகிறார்கள், அதனால் முதல் குழி கிழக்கைப் பார்த்து இருக்கக் கூடாது, அடித்த பந்து சூரியனுக்குள் போய்விடும் என்றாய். முதல் குழியில் பந்து தொலைந்தால் பின்னால் வரும் கூட்டம் முழுக்கத் தேங்கி நிற்கும் என்றாய். தோற்றேன். தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. உன்னிடம் நான் சந்தோஷமாகத் தோற்றது அது ஒன்றில்தான்.

அப்படித்தான் அந்தக் குழி அமைந்தது. அகலமான புல்வெளி, லேசான இறக்கம். பேராசைக்காரனுக்கு மட்டும் வலது ஓரத்தில் ஒரு மணல் பங்கர். கொடி நிற்கிற புல்தரைக்கு முன்னால் எந்தத் தடையும் இல்லை. பந்து பறந்தும் போகலாம், தரையோடு ஓடியும் போகலாம். முதல் அடி அடிக்கிற மேடை வராந்தாவுக்கு நேர் எதிரில். நான்கு பேரும் எல்லோர் கண்ணெதிரிலும் அடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்றாக இறக்கத்தில் நடப்பார்கள். ஆட்டத்தில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். அதற்கப்புறம் அவனவன் பந்து அவனவனுக்கு. அந்த இறக்கத்தில் மட்டும் எல்லோரும் சேர்ந்து நடக்கிறார்கள்.

இப்போது ஆதிகேசவன் சீமைக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். வந்ததும் மேடையைப் பின்னுக்குத் தள்ளி, பங்களா கட்டக் கல் எடுத்த அந்தப் பழைய பள்ளத்துக்கு அப்பால் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்கிறான். அங்கிருந்து முதல் அடியே நூற்றைம்பது கஜம் பறந்து பள்ளத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாத பந்து பாறைக்கும் தண்ணீருக்கும் போகும். அங்கிருந்து அடித்தால் நேர் கிழக்கு வேறு. "ஃபர்ஸ்ட் ஹோல்லயே ஆம்பளை யாருன்னு தெரிஞ்சிடணும் சார்" என்கிறான். தோட்டத்து மேஸ்திரி கிருஷ்ணப்பா அளவுக்குச்சி நட்டுக்கொண்டே, "ஏன் ஸ்வாமி, பள்ளத்துப் பக்கத்துல ஒரு உண்டி வச்சிடலாமா? எல்லாரும் பந்து காணிக்கை போடப் போறாங்களே" என்று கேட்டான். ஆதிகேசவனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

பள்ளத்தைத் தாண்ட முடியாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தான். "அவங்க பம்ப் ஷெட் கிட்ட இருந்து நாலாவது குழியில ஆரம்பிச்சுக்கட்டுமே. யார் வேணாம்னா?" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்களும் பார்க்கவில்லை.

அந்த 'அவங்க' யார் என்று உனக்குத் தெரியும். நம் கிளப்பில் பந்தைப் பறக்க விட முடியாதவள் ஒருத்திதான், என் மனைவி தனம். க்ஷயரோகத்துக்காகச் சானடோரியத்தில் விலா எலும்புகளை எடுத்த பிறகு அவளுடைய இடது கை தோளுக்கு மேல் எழுவதில்லை. அரை வீச்சுதான். அவள் பந்து பறக்காது, ஓடும். ஆனால் அம்பு மாதிரி நேராக ஓடும். திறந்த காற்றில் சமதரையில் மெல்ல நடக்கட்டும் என்று டாக்டர் சொன்னபோது மைதானத்துக்குக் கூட்டி வந்தேன். நடக்க வந்தவள் ஒரு நாள் என் கையிலிருந்து மட்டையை வாங்கினாள். போன மழைக்காலத்துப் போட்டியில், அதே முதல் குழியில், வராந்தா முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆதிகேசவனைத் தோற்கடித்தாள். அவன் பந்து பறந்து பங்கரில் விழுந்தது, இவளுடையது ஓடிக் கொடிக்குப் பக்கத்தில் நின்றது. "கேப்டன் சார், மணல் சூடா இருக்குதா?" என்று வேறு கேட்டுவிட்டாள்.

அவனுக்கு அந்தக் கோபம் மட்டும் என்றால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவளுக்கு வியாதி குணமாகிவிட்டது என்று டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் வராந்தாவில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி கொஞ்சம் நகர்கிறது. வராதே என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, எல்லோரும் படித்தவர்கள், கண்ணியமானவர்கள். அதனால் அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு ஒரு பள்ளத்தை ஏற்பாடு செய்கிறார்கள். பம்ப் ஷெட் பக்கத்திலிருந்து அவள் தனியாக ஆடிக்கொள்ளலாம். யார் வேண்டாம் என்றார்கள்?

உன் கடிதம் படிக்கப்பட்டபோது எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை, தேசிகா. அதுதான் எனக்கு வேதனை. இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது எங்கள் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். தனம் காபி கொண்டுவந்து வைத்தாள். டில்லி ராஜ்ய விவகாரம் முழுக்கப் பேசினாய், தம்ளரைத் தொடவில்லை. காபியை விட்டுவிட்டதாகச் சொன்னாய். மறுநாள் கிளப்பில் இரண்டு கப் குடித்தாய். நான் பார்த்தேன். வீட்டில் நீ எழுந்து போனதும் அவள் அந்தத் தம்ளரை எடுத்துத் தானே குடித்துவிட்டு, "பரவாயில்ல, அண்ணனுக்கு நான் போடுற காபி கசக்குது போல" என்று சிரித்தாள். அன்றிலிருந்து நான் உனக்கு எழுதவில்லை. வேலை அதிகம் என்று நினைத்திருப்பாய்.

பள்ளத்தை ஆதரித்து எழுதியபோது அவளை நினைத்துத்தான் எழுதினாயா, நினைக்காமலே எழுதினாயா? எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. பதில் சொல்ல வேண்டாம். எதுவானாலும் உன் கெட்டிக்காரத்தனம் உன்னைக் காப்பாற்றாது. குழியைப் பற்றியே பேசுவோம், அதிலும் நீ தப்பு. பந்து ஓட இடம் தராத முதல் குழி நல்ல குழி இல்லை. வருகிறவனை வா என்று சொல்லாத முதல் குழி நல்ல குழி இல்லை. சோதிப்பதற்குப் பின்னால் எட்டுக் குழிகள் இருக்கின்றன. வாசற்படியை யாராவது ஆள் உயரத்துக்குக் கட்டுவார்களா?

நேற்று வீட்டுக்கு வந்து தனத்திடம் சொன்னேன். மறைத்துப் பயனில்லை, டோரீன் எப்படியும் சொல்லியிருப்பாள். கிளப்பை விட்டு விலகிவிடலாம் என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. "நான் எதுக்கு விலகணும்? மேடையைப் பின்னால வைக்கட்டும். நான் அங்கிருந்துதான் அடிப்பேன். பந்து பள்ளத்துல விழும், விழட்டும். நானும் இறங்குவேன். அங்கிருந்து அடிச்சு மேல ஏறி வருவேன். எத்தனை அடி ஆனாலும் சரி, பின்னால இருக்கிறவங்க காத்துக்கிட்டு நிக்கட்டும்" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இன்று காலை பீரோவின் அடியிலிருந்து அவளுடைய பழைய கான்வாஸ் ஷூவை எடுத்து, பாறையில் வழுக்குமா என்று அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னதைச் செய்கிறவள் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தில் இறங்க ஒற்றையடி வழிதான், ஏறும்போது கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். எனக்கே மூச்சு வாங்குகிறது. அவளுக்கு இருப்பது ஒரு நுரையீரல். வீட்டு மாடிப்படி கூட ஏறக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. இதை ஆதிகேசவனிடம் போய் நான் சொல்ல மாட்டேன். அவர்களுடைய இரக்கத்தில் கிடைக்கிற முதல் குழி அவளுக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம். உன்னிடம் சொல்வேன். ஒரு காலத்தில் சரியானதைச் சொன்னவன் நீ என்பதால்.

பொதுக்கூட்டம் இந்த ஞாயிறு இல்லை, அடுத்த ஞாயிறு. தீர்மானத்துக்கு ஆதாரம் உன் கடிதம் ஒன்றுதான். அதை வாபஸ் வாங்குவதாகக் கிளப்புக்கு ஒரு தந்தி அடி. காரணம் எழுத வேண்டாம். நீ அடிக்காவிட்டால் கூட்டத்தில் எழுந்து இந்தக் கடிதத்தில் உள்ள எல்லாவற்றையும், நாற்காலி, காபி உட்பட, நானே பேசுவேன். அதற்குப் பிறகும் பள்ளம்தான் என்றால், அவள் இறங்கும்போது முன்னால் நான் இறங்குவேன். வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உன் பிள்ளைகள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். தனம் எழுதச் சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான்.

இப்படிக்கு என்று போட வந்துவிட்டேன். உன் நண்பன் என்று எழுதக் கை வரவில்லை. இல்லை என்று எழுதவும் வரவில்லை. நான் உனக்கு யார் என்பதை உன் தந்தி வந்த பிறகுதான் எழுத முடியும். ஆகவே கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,