பெரிசும் குட்டியும்

மார்ச் 3

மகனுடைய வருங்கால மாமனார் குடும்பம் பதினைந்தாம் தேதி வருகிறது. முன்னறையில் என் கணவரின் சாய்வு நாற்காலி கண்ணை உறுத்துகிறது. அறுபது ஆண்டுப் பழைமை. மரக்கைகளுக்கும் சாய்ந்த மெல்லிய கால்களுக்கும் கம்பீரம் குறையவில்லை. கடுகு நிறத் துணியோ நூல் நூலாகத் தொங்குகிறது. கால் நீட்டுவதற்கு அதே துணியில் மெத்தை வைத்த கால்மணை ஒன்று. நாற்காலியைப் "பெரிசு" என்பார், கால்மணையைக் "குட்டி" என்பார்.

அவர் நினைவு உதிரத் தொடங்கி ஈராண்டு. ஆயினும் எவரும் வழிகாட்டாமலே காலையில் அந்த நாற்காலியை அடைந்துவிடுகிறார். கால் வீக்கத்துக்கு மருத்துவர் சொன்ன வைத்தியம், கால்களை உயர்த்தி வைத்திருப்பது. அங்கே மட்டுந்தான் அதற்கு இசைகிறார்.

இன்றும் அங்கிருந்தே, "பண்டிதரே, தண்ணி!" என்று குரல் கொடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்று, நூலகப் புத்தகங்களால் தமிழை வசப்படுத்திய எனக்கு அவர் சூட்டிய பட்டம்.

மார்ச் 6

குஷன் கடைக்காரர் தட்டிப் பார்த்தார். "கட்டை கல்லு மாதிரி இருக்கும்மா. துணிய மாத்துனா புது மாப்பிள்ளைதான்." சாம்பல் நிற வெல்வெட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

மகன் தொலைபேசியில், "அப்பாவுக்குப் பழகுனதும்மா, விட்டுடேன்" என்றான். கந்தலைக் காட்டி விருந்தினரை வரவேற்பது என் இயல்பன்று என்று பதிலுரைத்தேன்.

மார்ச் 11

நேற்று எடுத்துச் சென்றதை இன்று கொண்டுவந்தார்கள். துணி போதாமையால் கால்மணை மட்டும் பழைய கோலத்தில் திரும்பிற்று. மாடிப்படியின் கீழ் மறைத்து வைத்தேன்.

அவர் அறை வாசலில் நின்று பார்த்தார். "யார் வீட்டு நாற்காலி இது?"

"நம்முடையதுதான்."

"அப்ப நம்மளுது எங்க?"

மார்ச் 12

அமரவில்லை.

மார்ச் 13

நாள் முழுதும் நடை. அறை அறையாகத் தேடுகிறார். கட்டிலில் கிடத்தினால் எழுந்துவிடுகிறார். வீக்கத்தில் கணுக்கால் இருக்குமிடமே தெரியவில்லை. கைபிடித்து நாற்காலியில் இருத்தினேன். "அடுத்தவங்க பொருள்ல உக்காரக் கூடாதுங்க" என்று கூச்சத்தோடு எழுந்தார்.

உக்காரக் கூடாதுங்க — என்னிடமா?

பழைய துணியைக் கேட்டுக் கடைக்கு ஓடினேன். "குப்பை வண்டியில போயிடுச்சேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே."

ஏன் சொல்லல? யாருக்காக மாத்துனேன்? ஒரு டீ குடிச்சிட்டு எந்திரிச்சுப் போறவங்களுக்காகவா — ஐயோ.

மார்ச் 15

விருந்தினர் வந்தனர். சம்பந்தி அம்மாள் நேரே அந்த நாற்காலியில் அமர்ந்து, "அருமையான நாற்காலி" என்றார். என் கணவர் அருகில் நின்றபடியே உபசரித்தார்: "நல்லா சாஞ்சுக்கோங்க. வீட்டுக்காரங்க வந்துடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மார்ச் 18

மருத்துவர் கடிந்துகொண்டார். "இப்படியே நின்னா கால் வெடிச்சுப் புண்ணாயிடும்."

மார்ச் 20

மாடிப்படியின் கீழிருந்து, "குட்டி! இங்கயா இருக்கே?" என்று குரல். அவரே இழுத்துவந்து, வெல்வெட் நாற்காலியின் முன்னால் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். முதுகுக்குச் சாய்மானமில்லை. நாற்காலியில் நான் அமர்ந்து முழங்கால்களை அவர் முதுகுக்கு முட்டாகக் கொடுத்தேன். அதற்கு முன்பே அவர் கால்களைத் தூக்கித் தலையணை அடுக்கின்மேல் வைத்திருந்தேன். மறுக்கவில்லை.

நெடுநேரத்துக்குப் பிறகு, திரும்பாமலே கேட்டார்: "எங்க பண்டிதரைப் பாத்தீங்களா? சொல்லாமப் போக மாட்டாளே."

எவர் பிழை விட்டாலும் திருத்திப் பழகிய நாக்கு. திருத்தவில்லை.

"கடைக்குப் போயிருக்காங்க. வந்துடுவாங்க."

"வரட்டும்" என்று என் முழங்காலில் சாய்ந்துகொண்டார்.

மார்ச் 21

வீக்கம் சற்றே வடிந்திருக்கிறது. காலையிலும் கேட்டார். கடையில் கூட்டம் என்றேன்.