சுவரில் விழுந்த சூரியன்

1980 ஜனவரி 6, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டதிலிருந்து கிழமையே மறந்துபோகிறது. இவர் வாழை மண்டிக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் அத்தையும்தான். தேனி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பஸ்ஸில் ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. இது தங்க வேண்டும்.

பேப்பரில் போட்டிருக்கிறது. பிப்ரவரி பதினாறு, சூரிய கிரகணம். கர்நாடகத்தில், ராய்ச்சூர் பக்கம், முழுசாக மறையுமாம். நம் பக்கம் முக்கால்வாசி.

அந்தத் தேதி எனக்குப் பேப்பர் பார்த்தா தெரிய வேண்டும்? மதுரையில் காலேஜ் படிக்கும்போதே கிருபாவதி எதிலோ படித்துவிட்டு ஓடி வந்து சொன்னாள். "எண்பதுல வருதுடி சொர்ணம். எங்கன இருந்தாலும் ரெண்டு பேரும் சேந்து போயிப் பாக்கணும்." எண்பதில் நமக்கு என்ன வயசு இருக்கும் என்று கணக்குப் போட்டோம். கிழவி ஆகியிருப்போம் என்று சிரித்தாள்.

முப்பத்திரண்டு!

ஜனவரி 9

ஹாஸ்டல் ஞாபகமாகவே இருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் கிருபா சமையல்கட்டிலிருந்து ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தாள். "இதுதான் சூரியன்." என் உள்ளங்கையில் ஒரு கடுகை வைத்தாள். "இது பூமி. அந்தக் கோடிக்குப் போ."

போய் நின்றேன். "பக்கத்து நட்சத்திரம் எங்கடி?"

"லண்டன்ல. அங்கன இன்னொரு பூசணிக்காய். நடுவுல ஒண்ணுமே கிடையாது."

கடுகைப் பார்த்தேன். அதில் மதுரை எங்கே, எங்கள் ஊர் எங்கே, என் அம்மா எங்கே? உள்ளங்கையை மூடிக்கொண்டேன். கிருபா கேட்டாள், "பயந்துட்டியா?"

"ஆமா."

"எனக்குச் சந்தோசமா இருக்கு. கடுகு மேல உக்காந்துக்கிட்டு இம்புட்டையும் நாமதான கணக்குப் போட்டிருக்கோம்?"

அதற்குள் வார்டன் வந்துவிட்டார். மறுநாள் சூரியன் சாம்பாரில் கிடந்தது.

ஜனவரி 20

கிருபா வந்தாள்! போடியில் அம்மாவைப் பார்த்துவிட்டு, நாகர்கோவிலுக்குத் திரும்புகிற வழியில். அங்கேதான் காலேஜில் லெக்சரராக இருக்கிறாள். காதோரம் நரை. வாசல்படி ஏறும்போதே, "ராய்ச்சூருக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கப் போறேன்டி" என்றாள். அப்புறம்தான் என் வயிற்றைப் பார்த்தாள்.

"எனக்குச் சொல்லவே இல்லையே."

"சொன்னதெல்லாம் நிக்கலடி. அதான்..."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது, "ஒரு டிக்கெட்தான் எடுப்பேன். உன் இடத்துக்கு வேற ஆளக் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றாள்.

அவள் போன பிறகு அத்தை சொன்னார், "அவளுக்கென்ன, புருசனா பிள்ளையா? நெனச்ச எடத்துக்குப் போவா." எனக்குச் சுருக்கென்றது. கோபம் அத்தை மேலா? இல்லை, கிருபா மேல் பொறாமையா?

பிப்ரவரி 10

அத்தை சொல்லிவிட்டார்: கிரகணத்தன்று நான் வெளியே தலைநீட்டக் கூடாதாம். பிள்ளை ஊனமாகப் பிறக்குமாம். அதெல்லாம் இல்லை என்று வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறவள் நான். ஆனாலும் தலையாட்டினேன். ஏதாவது ஆகிவிட்டால்? ஊர் சொல்வது இருக்கட்டும். நானே நம்பிவிடுவேன்.

பிப்ரவரி 16, சனி

மதியமே சின்னமனூர் அடங்கிவிட்டது. மெயின் ரோட்டில் கம்பம் பஸ் காலியாகப் போகிற சத்தம் மட்டும். அத்தை மிச்சச் சோற்றைக் கொட்டிவிட்டு என்னைப் பின்கட்டு ஓட்டு அறைக்குக் கூட்டிப்போனார். ஜன்னலைச் சாத்தி, அதன் மேல் சாக்கைத் தொங்கவிட்டு, தானும் உள்ளே இருந்துகொண்டு கதவைத் தாழ் போட்டார். "அசையாமப் படுத்தா."

படுத்தேன். ராய்ச்சூரில் ஏதோ ஒரு பொட்டலில் கிருபா நின்றுகொண்டிருப்பாள். நான் இருட்டறையில் சாக்குக்குப் பின்னால். அழுகையாக வந்தது.

ஓட்டு இடுக்குகள் வழியாக எதிர்ச் சுவரில் வெளிச்ச வட்டங்கள், காசு காசாக. தினமும் பார்ப்பதுதான். ஆனால் ஒரு வட்டத்தின் ஓரம் கடித்தாற்போல் இருந்தது. அடுத்ததிலும். எல்லாவற்றிலும், அதே இடத்தில்.

எப்படி மறந்தேன்! ஊசித்துளைக் காமிரா. சின்ன ஓட்டை, எதிரே சூரியனின் படம். எத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு அட்டைப்பெட்டியில் செய்து காட்டுகிறேன்! அறையே காமிராவாகிவிட்டது. சுவரில் கிடந்தவை வெறும் வட்டங்கள் இல்லை, சூரியன்கள்.

"அத்தை, சுவத்தப் பாருங்க."

"ஆத்தி! என்னாது, இம்புட்டுப் பிறை?"

"சூரியன் அத்தை. வானத்துல இப்ப இப்படித்தான் இருக்கு."

அத்தை பதறி எழுந்து, இடுக்கை அடைக்க மூலையில் கிடந்த இன்னொரு சாக்கை எடுத்தார். கையில் சாக்கோடு அப்படியே நின்றார். போடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாத்தா ஒண்ணும் செய்யாதுல்ல?"

"சுவத்தத்தான பாக்குறோம்."

சுவர் முழுக்கப் பிறைகள். மெலிந்துகொண்டே மெதுவாக மேலேறின. வெளிச்சம் சாம்பலாகி, காக்கைகள் கத்தி ஓய்ந்தன. ஒன்பது கோடி மைல் தாண்டி வந்து, நிலாவை உரசிக்கொண்டு, எங்கள் ஓட்டு இடுக்கில் நுழைந்திருக்கிறது. ஒரு பிறை என் வயிற்றின் மேல் கிடந்தது. அத்தை அதைத் தூசி மாதிரி தட்டிவிடப் பார்த்தார். அது அவர் கை மேல் ஏறிக்கொண்டது. கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.

பிப்ரவரி 20

கிருபா திரும்புகிற வழியில் இறங்கினாள். பகலில் வெள்ளிக் கிரகத்தைப் பார்த்தாளாம். "முழு இருட்டு மூணு நிமிசம்கூட இருக்காதுடி. கூட்டமே கத்துச்சு. நான் திரும்பி, 'சொர்ணம், பாருடி'ன்னேன். பக்கத்துல யாரோ கன்னடத்துக்காரம்மா. அவுக என் கையப் பிடிச்சுக்கிட்டாக."

அத்தை காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் பார்த்ததைக் கையால் சுவரில் வரைந்து வரைந்து சொன்னார். கிருபா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 4

தேனி ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். காலையில் ரத்தம் பட்டது. இவர் டாக்ஸிக்கு ஓடினார். வழியெல்லாம் பிதற்றினேன் — நான்தான், பிள்ளைகளுக்குச் சயின்ஸ் சொல்லித் தருகிற நான் — "கிரகணம்தான் அத்தை, நான் பாத்துட்டேன், பாக்காம இருந்திருக்கணும்..."

அத்தை என் வாயைப் பொத்தினார். "நானுந்தான பாத்தேன்? சாக்கப் போடாம நின்னது நாந்தான? தோசம்னா மொதல்ல என்னைய வந்து பிடிக்கட்டும்."

திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மடியில் இன்றுதான் தலை வைத்தேன்.

மார்ச் 6

ரத்தம் நின்றுவிட்டது. துடிப்பு கேட்கிறது என்றார் டாக்டரம்மா.

ஜூலை 6, ஞாயிறு

நாலு மாசமாக எழுதவில்லை. மே கடைசியில், நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டாள். அவ்வளவு சிறிய உருவத்தை நான் பார்த்ததில்லை. பஞ்சுக்குள் வைத்தே காப்பாற்றினார்கள். இது இருக்குமா, போய்விடுமா என்ற பயத்தில் பேர்கூட வைக்காமல் இருந்தோம்.

இன்று காலை பால் குடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். கண்ணைத் திறந்தாள். உத்தரத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். இதுவரை எதன் மேலும் அவள் பார்வை நின்றதில்லை. இத்தனை பெரிய பிரபஞ்சத்துக்குள் புதிதாக வந்த ஒருத்தி, நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் முகத்தில் வந்து நின்றாள். கண்ணை எடுக்கவே இல்லை.

"என்னத்த இந்தப் பார்வை பாக்குறா!" என்றார் அத்தை.

இவர் பேர் வைக்க நாள் பார்க்கப் போயிருக்கிறார்.