கணீர் என்று கேட்காத காசு

ஜூன் 4, வியாழன்

என் பழங்காசுக் கடையில் கூட்டமில்லை. ஒரு பெண்மணி பழைய வெள்ளிக் காசு ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். பல்பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தார். பழங்காசைத் தேய்த்தால் அதன் விலையும் தேய்ந்துவிடும் என்றால் யார் நம்புகிறார்கள்? “அழுக்கோட எப்படிங்க கொண்டு வர்றது?” என்றார். அதுவும் சரிதான்.

ஞாயிறு அன்று கல்யாணத் தேதி பேசச் சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பையன் தங்கமானவன். மகள் தானே தேடிக்கொண்டதால் எனக்கு அலைச்சல் மிச்சம்.

ஜூன் 7, ஞாயிறு

நாக்கில் சனி.

சாப்பிட்டு முடித்ததும் சம்பந்தி ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். “மருமகளுக்குன்னு வச்சிருக்கேன். எங்கப்பா சேத்த காசு. நீங்கதான் இதுல கரை கண்டவராச்சே, பாத்துச் சொல்லுங்க” என்றார். தராசு கொண்டுபோகவில்லை. எனக்கு எதற்குத் தராசு? கட்டைவிரலில் வைத்துச் சுண்டினால் நல்ல வெள்ளி கணீரென்று நீளமாக ஒலிக்கும். இது பொத்தென்று நின்றது. ஒவ்வொன்றாகச் சுண்டினேன். எல்லாம் ஊமை. காசுகள் அழுக்கேறிக் கறுத்திருந்தன, எழுத்தை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

“கலப்படம்” என்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தி டப்பாவை மூடினார். “எங்கப்பா யாரையும் ஏமாத்தினதில்லைங்க” என்றார். அப்புறம் தேதிப் பேச்சே எழவில்லை. வரும் வழியெல்லாம் மகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். “பாத்துச் சொல்லுங்கன்னா நல்லா இருக்குன்னு சொல்றதுதாங்க” என்றாள் என் மனைவி.

ஜூன் 8, திங்கள்

மகள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 11, வியாழன்

இன்று பேசினாள். “தேதியப் பத்திக் கேட்டா, அவங்கப்பா பாக்கலாம்னு சொல்றாராம்ப்பா. அவர் அப்படிச் சொல்றவரே இல்ல.” அழுதிருக்கிறாள், கண் வீங்கியிருக்கிறது. நான் பொய் சொல்லியிருக்கணுமா? இத்தனை வருஷத்துல தொழில்ல ஒரு பொய் சொன்னதில்லையே — ஆனா என் பொண்ணு முகம்... சே.

ஜூன் 15, திங்கள்

ஒப்பிட்டுப் பார்க்க இழுப்பறையில் ஒரு காசு வைத்திருக்கிறேன். சுத்த வெள்ளி, கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்வேன். இன்று அதைச் சுண்டினால் அதுவும் ஊமை! மேசையைக் குறை சொன்னேன். மின்விசிறியை நிறுத்தினேன். கையைத் துடைத்துவிட்டு மறுபடி சுண்டினேன்.

சாப்பாடு கொண்டுவந்த இவள் வாசலில் நின்று ஏதோ சொன்னாள். “என்ன?” என்றேன். கிட்டே வந்து, “கணீர் கணீர்னு தெரு வரைக்கும் கேக்குது, என்ன விளையாட்டுன்னு கேட்டேன்” என்றாள்.

கணீரென்றா?

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டிவியை ஏன் அலறவிடுகிறீர்கள் என்று இவள் எத்தனை நாளாகக் கத்துகிறாள்! பாவம் சம்பந்தி. பாவம் அவர் அப்பா.

ஜூன் 18, வியாழன்

காது டாக்டர் பார்த்தார். மெல்லிய, உச்சஸ்தாயிச் சத்தங்கள்தான் முதலில் போகுமாம். வெள்ளி ஒலிப்பது அங்கேதான். மெஷின் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது. கடைக்கு ஓடிப்போய் இழுப்பறைக் காசைச் சுண்டினேன். சுண்டிக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

தராசு, பூதக்கண்ணாடி, என் காசு எல்லாம் எடுத்துக்கொண்டு மகளோடு போனேன். சம்பந்தி வாங்க என்றார், அவ்வளவுதான். டப்பாவை அவர் மனைவிதான் எடுத்துவந்தார். எடை போட்டேன், விளிம்பைப் பார்த்தேன். பிறகு என் காசையும் அவர் காசையும் அடுத்தடுத்துச் சுண்டினேன். ஒரே குரல்.

“உங்க காசுல கலப்படம் இல்ல சம்பந்தி. என் காதுலதான். மன்னிச்சிருங்க” என்றேன்.

சம்பந்தி என் காதையே பார்த்தார். “அப்ப பஸ்ல பசங்க போடுற சத்தம் உங்களுக்குக் கேக்காதா? குடுத்து வச்சவருங்க நீங்க” என்றார். மகள்தான் முதலில் சிரித்தாள்.

ஒரு காசு அரிதான வருஷத்தது, யாரும் தேய்க்காததால் நல்ல விலை போகும் என்று சொல்ல ஆரம்பித்தேன். “விலை கெடக்கட்டும். இன்னொரு தரம் சுண்டுங்க” என்றார். அவர் போதும் என்கிறவரை சுண்டினேன். அப்புறம் காலண்டரை எடுத்துவரச் சொன்னார்.

ஜூன் 24, புதன்

பக்கத்து அறையில் மகள் அவனிடம் போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். “எங்கப்பா மன்னிப்பு கேட்டு நான் பாத்ததே இல்ல தெரியுமா? அன்னைக்கு எவ்வளவு அழகா இருந்தாரு” என்றாள்.

எனக்குக் கேட்காது என்ற பழைய நினைப்பு அவளுக்கு. நானும் ஞாபகப்படுத்தவில்லை.